காலி இடத்தில் வைத்த களிமண்

ஐம்பதுகளின் நடுவில், ஓசூர்ப் பக்கம் தண்ணீர் தேடித் திரிந்த ஓர் அரசாங்கக் கூட்டத்தில் எனக்கு வேலை. என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு அந்தக் காலத்திலேயே என்னால் விளக்க முடிந்ததில்லை. பூமியில் ஆழமாக ஓட்டை போடுவார்கள். போட்டு முடித்ததும் நான் வந்து அதற்குள் ஓர் ஒயரை இறக்கி, மின்சாரம் விட்டு, மேலே ஒரு டப்பாவில் ஊசி எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்று அடிக்கு அடி குறித்துக்கொள்வேன். அவ்வளவுதான். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், "பையன் என்ன உத்தியோகம்?" என்று கேட்டதற்கு என் மாமா யோசித்துப் பார்த்துவிட்டு, "எலக்ட்ரிக் டிபார்ட்மெண்ட்" என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டுக்கு மின்சாரமே வந்திருக்கவில்லை. அதனால் பெரிய உத்தியோகமாகத் தோன்றியிருக்க வேண்டும். சம்மதித்துவிட்டார்கள்.

ஓசூரிலிருந்து தளி போகும் சாலையில் பஸ்ஸை விட்டிறங்கி, வண்டித்தடத்தில் உள்ளே நடந்தால் வரும் ஊர் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பேர் வேண்டாம். கேழ்வரகு, அவரை, கொள்ளு விளையும் பூமி. பங்குனியில்கூட விடியற்காலையில் போர்வை வேண்டும். பத்து மணிக்கு மண்டை காயும். அங்கே என்ன பாஷை என்று கேட்டால், யார் யாரோடு பேசும்போது என்று திருப்பிக் கேட்பார்கள். ஊருக்கு ஒரே கிணறு. ஊருக்குக் கிழக்கே, கொஞ்சம் பள்ளத்தில், கூலி வேலை செய்பவர்களின் சேரி. சேரிக்குக் கிணறு கிடையாது.

சேரிப் பெண்கள் ஊர்க் கிணற்றுக்கு வரலாம், இறைக்கக் கூடாது. கிணற்றைச் சுற்றி இடுப்பளவு சுவர். அந்தச் சுவருக்கு வெளியே குடங்களை வரிசையாக வைத்துவிட்டு நிற்க வேண்டும். ஊர்ப் பெண்களில் யாருக்காவது மனம் வந்தால், தங்கள் குடம் நிரம்பிய பிறகு இரண்டு வாளி ஊற்றிவிட்டுப் போவார்கள். மனம் வராவிட்டால் இன்னும் நிற்க வேண்டும். வாய்விட்டுக் கேட்கக் கூடாது. கேட்டால் மறுநாளும் கிடைக்காது. இதெல்லாம் கூடாது என்று சட்டம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சட்டத்துக்கு அந்த வண்டித்தடம் தெரியவில்லை போலிருக்கிறது. முதல் தடவை அதைப் பார்த்த அன்று எனக்கு வந்த கோபம் இதை எழுதும்போதும் வருகிறது. கோபப்பட்டு அன்று நான் என்ன செய்தேன் என்றால், ஒன்றும் செய்யவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அந்தக் கிராமத்துக்கு ஒரு கிணறு வெட்ட உத்தரவு வந்திருந்தது. ஒன்றே ஒன்று. எங்கே வெட்டுவது என்று பார்க்க இரண்டு இடத்தில் ஓட்டை போடச் சொல்லியிருந்தார்கள். முதல் ஓட்டை ஊருக்குள், ஏரிக்கரை ஓரம். சீக்கிரமே பாறை தட்டிவிட்டது. பாறை வெடிப்பில் கொஞ்சம் தண்ணீர் கசிந்தது. பிரமாதம் இல்லை, மோசமும் இல்லை. இரண்டாவது சேரிக்குப் பக்கத்துப் பள்ளத்தில். அங்கே நல்ல தண்ணீர் இருந்தால் கிணறு சேரிக்கு. இல்லையென்றால் ஏரிக்கரைக்கே போகும். அதைச் சுற்றியும் ஒரு சுவர் எழும்பும். சேரியில் எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது.

ஓட்டை போடுகிறவர் மேஸ்திரி. கோலார் தங்கவயலில் பாறை துளைத்துப் பழகியவர். தெலுங்குக்காரர், எதற்கும் அசராத மனிதர். அவருடைய இயந்திரம் துளைக்கும்போது அதற்குள் ஓயாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூடேறி மாட்டிக்கொள்ளும். அந்தத் தண்ணீரைத் தூரத்துக் குட்டையிலிருந்து சுமந்து வந்து ஊற்றச் சேரிப் பெண்களைக் கூலிக்கு வைத்திருந்தார். குட்டைத் தண்ணீரை மாடு குடிக்கும், மனிதன் குடிக்க முடியாது. அதனால் அதை எடுக்க யாருடைய தயவும் வேண்டியதில்லை. அந்தப் பெண்களுக்குத் தலைவி மாதிரி ஒருத்தி இருந்தாள். முப்பது வயது இருக்கலாம். சேரிக்குள் கன்னடம், எங்களிடம் தமிழ், மேஸ்திரியிடம் தெலுங்கு. மூன்றிலும் அவளுக்கு வசவு நன்றாக வரும்.

"தண்ணி வேணும்னு கேட்டா, நம்ம தலையிலயே தண்ணி சொமக்க வெச்சு பூமிக்கு ஊத்தறாங்க பாரு. இது எந்த ஊரு நாயம் சாமி?" என்று என்னிடம் ஒரு நாள் கேட்டாள்.

நான் காரணத்தை விளக்க ஆரம்பித்தேன். "அதெல்லாம் இருக்கட்டும். கெடைக்குமா, கெடைக்காதா?" என்றாள்.

இங்கே தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மேஸ்திரியின் துளைக்கும் குழாய் சுற்றிக்கொண்டே இறங்கும்போது, நடுவில் ஒரு மண்ணுருளை வெட்டுப்பட்டு அதற்குள் ஏறிக்கொள்ளும். அதற்குக் கோர் என்று பேர். அதை வெளியே எடுத்து, பள்ளம் பள்ளமாகத் தடுத்த நீள மரப்பெட்டியில், எந்த ஆழத்தில் வந்ததோ அந்த வரிசைப்படி படுக்க வைப்பார்கள். பெட்டியைப் பார்த்தால் பூமியை மேலிருந்து கீழே படித்துவிடலாம். பெட்டியைப் படிப்பவர் எங்கள் அதிகாரி. ஊசியைப் படிப்பவன் நான். அவர் வேலையில் நான் தலையிட மாட்டேன். என் வேலையை அவர் வேலையாகவே மதித்ததில்லை. ஒற்றுமையாகத்தான் இருந்தோம்.

எங்கள் இருவருக்கும் பொதுவான சத்துரு களிமண். களிமண்ணுக்குள் தண்ணீர் நிறைய இருக்கும்; வெளியே விடாது. பெட்டி நிறையப் புடவை வைத்துக்கொண்டு கல்யாணத்துக்கும் எடுத்துக் கட்டாத மாமியார்கள் இருக்கிறார்களே, அந்த ஜாதி. ஈரக் களிமண்ணில் மின்சாரம் சுலபமாகப் பாயும். ஊசி கீழே கிடக்கும். பருமணலில் நல்ல தண்ணீர் இருந்தால் ஊசி கொஞ்சம் ஏறும். பாறை வந்துவிட்டால் ஒரேயடியாக ஏறிவிடும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் களிமண்ணோடு கல் துண்டுகள் கலந்திருந்தாலும் ஊசி அதே மாதிரி கொஞ்சம்தான் ஏறும். ஊசியை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். அதனால்தான் பெட்டியையும் பார்ப்பது. ஓசூர்ப் பக்கம் பாறை மேலிருந்து மட்கிக்கொண்டே வரும் பூமி. மேலே செம்மண், அப்புறம் வெள்ளைக் களிமண், அதிர்ஷ்டம் இருந்தால் களிமண்ணுக்கும் பாறைக்கும் நடுவே பருமணல். அந்த நடுவில்தான் தண்ணீர் இருக்கும், ஓடும்.

சேரி ஓட்டை முடிந்த அன்று மேஸ்திரி ஆள் அனுப்பினார். நான் போய் ஒயரை இறக்கினேன். செம்மண் தாண்டி ஊசி தாழ்ந்தது. வெகு தூரம் தாழ்ந்தே கிடந்தது. களிமண். ஐம்பது அடிக்குக் கீழே ஓரிடத்தில் மெல்ல ஏறி, கொஞ்ச தூரம் அப்படியே நின்று, அதற்கப்புறம் பாறைக்குத் தாவிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனால் பெட்டியை நான் திறந்து பார்க்கவில்லை. அது என் வேலை இல்லை, அன்றே தர்மபுரிப் பக்கம் இன்னோர் ஓட்டைக்குப் போகவேண்டியும் இருந்தது. களிமண் சரியாமல் இருக்க மேஸ்திரி ஓட்டைக்குள் இரும்புக் குழாயை இறக்கினார். அது இறங்கும் வரை இறங்கி, கீழே ஏதோ தட்டி நின்றது. பிறகு அவரும் தம்பி மகளுக்குக் கல்யாணம் என்று கோலாருக்குப் போய்விட்டார்.

அதிகாரி பார்க்க வந்தது நாலைந்து நாள் கழித்து. நானும் கூட வந்தேன். மேஸ்திரி இன்னும் திரும்பவில்லை.

போய் இறங்கினால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓட்டையைச் சுற்றிச் சாணம் தெளித்துப் பெருக்கிக் கோலம் போட்டிருந்தார்கள். கோர் பெட்டிக்கு மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, மூலைக்கொரு சாமந்திப்பூ. சேரி முழுக்கத் தலை வாரிக்கொண்டு வந்து தள்ளி நின்றது. அதிகாரி தெற்கே பிறந்தவர். சட்டைக் காலர் வெயிலிலும் விறைப்பாக இருக்கும். பெட்டியில் இல்லாத எதையும் வாழ்க்கையில் நம்பியதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"பெட்டிக்குப் பொட்டு வைக்கச் சொன்னது யாருய்யா?" என்றார். பூவைத் தாமே எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியோடு குனிந்தார். வெகு நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் மரியாதை தெரிந்தது.

"உங்க மேஸ்திரி கெட்டிக்காரர்தான். இவ்வளவு முழுசா கோர் எடுத்து நான் பார்த்ததே இல்லை. ஓர் அங்குலம் காலி இல்லையே! பாறை வரைக்கும் ஒரே களிமண்" என்றார்.

"கீழே ஊசி ஏறுது சார்" என்று நான் தாளை நீட்டினேன்.

"எவ்வளவு ஏறுது?"

"கொஞ்சம்தான் சார்."

"களிமண்ணுல கல்லுத் துண்டு கலந்திருந்தா கொஞ்சம் ஏறாதா?"

"ஏறும் சார்."

"அப்புறம் என்ன?"

அவர் சொன்னது சரி; அதுதான் எரிச்சல். சரியாகப் பேசுகிறவர்களோடு சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்பது ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர் எழுந்து, "இந்த ஓட்டை வேண்டாம். லாரி வந்ததும் குழாயை உருவி ஏத்திடுங்க. கிணறு ஏரிக்கரையில" என்று சொல்லிவிட்டு, புளியமர நிழலுக்குச் சாப்பிடப் போனார்.

போகிற வழியில் அந்தப் பெண் இரண்டடி முன்னால் வந்து, "தண்ணி இல்லையா சாமி?" என்று கேட்டாள்.

"வெறும் களிமண்ணும்மா" என்றார் அவர். குரலில் கடுமை இல்லை. நடந்துவிட்டார்.

அவரோடு சேர்ந்து சாப்பிட உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டியருகே போய்க் குந்தினேன். பூமி என் ஊசியைப் பொய்யாக்கிவிட்டதே என்ற ஆத்திரம்தான் அப்போது எனக்கு. சேரியைப் பற்றிய கவலையெல்லாம் அதற்குப் பின்னால்தான். ஊசி ஏறிய ஆழத்துக் களிமண் எந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, ஒரு துண்டை எடுத்தேன். கையில் எடுத்ததுமே ஏதோ சரியில்லை. மேல் பள்ளங்களில் இருந்த களிமண் நாலு நாள் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. இது பிசுபிசுவென்று ஈரமாக இருந்தது; ஆழத்து மண் ஈரமாகத்தான் இருக்கும் என்று அதிகாரி விட்டிருக்க வேண்டும். காய்ந்த துண்டுகளின் மேல் குழாய் சுற்றிய கீறல் இருந்தது. இதன் மேல் உள்ளங்கை ரேகை. இரண்டாக உடைத்தேன். உள்ளே ஒரு கேழ்வரகுத் தாள் இருந்தது.

ஐம்பது அடி ஆழத்தில் கேழ்வரகு விளைவதாக நான் படித்த புத்தகத்தில் இல்லை.

அவளைக் கூப்பிட்டேன். "இதை யார் வைத்தது?"

"நாங்கதான் சாமி" என்றாள், வெகு சாதாரணமாக. "ஏன், சரியா வெக்கலையா? நானும் எங்க ஓரகத்தியும் காலையில குந்திக்கினு உருட்டி வெச்சோம். மத்த துண்டு எவ்ளோ தடிமனோ அவ்ளோ தடிமனுக்குத்தான் வெச்சோம்."

"இங்கே முன்னால் என்ன இருந்தது?"

"ஒண்ணும் இல்ல. காலி. ஒரு மரக்கட்டைதான் கெடந்துச்சு. கட்ட மேல என்னமோ கிறுக்கி இருந்துச்சு. குப்பைன்னு நெனச்சு அடுப்புல வெச்சுட்டன்."

எனக்குப் புரிந்துவிட்டது. குழாய்க்குள் ஒன்றும் ஏறாமல் வெறுமனே வந்தால், அந்த இடத்தில் மேஸ்திரி ஒரு மரக்கட்டையில் ஆழத்தை எழுதி வைப்பார். இங்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அந்தக் கட்டையில் கேழ்வரகுக் களி வெந்திருக்கிறது.

"எதுக்கம்மா நிரப்பினீங்க?"

அவளுக்கு என் கேள்விதான் விளங்கவில்லை. "இது என்னா சாமி இப்பிடிக் கேக்கறீங்க? எங்க வூட்டுல ஒரு மொறம் எரவல் வாங்கினாலும் வெறும் மொறமாத் திருப்பிக் குடுக்க மாட்டோம். ஒரு புடி ராகியாவது, நாலு மொளகாயாவது போட்டுத்தான் குடுப்போம். பெரிய சாமி அத்தினி தூரத்துல இருந்து பாக்க வர்றாரு, சர்க்காரு பொட்டி பாதி காலியாக் கெடந்தா என்னா நெனப்பாரு? கெணத்துக்கே ஆவாதுல்ல? வேற எங்கயும் போயி எடுக்கல. அதே குழியில வந்து கொட்டிக் கெடந்த மண்ணுதான்."

அதே குழியில் வந்த மண்தான். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? நாகரிகம் தெரிந்த மனிதர்கள் செய்யும் காரியத்தைத்தான் செய்திருந்தார்கள். நான் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்; எனக்கு மெதுவாகச் சொல்ல வராது. "நீங்க வெச்ச இந்தக் களிமண்ணைப் பார்த்துத்தான் தண்ணி இல்லைன்னு சொல்லிட்டாரு. காலியா விட்டிருந்தா கிணறு இங்கே வந்திருக்கும்" என்றேன்.

மூன்று பாஷையிலும் அவளுக்கு ஒரு வசவுகூட வரவில்லை. ஓட்டையிலிருந்து வந்து குவிந்திருந்த மண் மேட்டின் மேல் அப்படியே உட்கார்ந்தாள். பிறகு, "அப்ப எங்க கையாலயே மூடிட்டமா சாமி?" என்றாள்.

அந்த நிமிஷத்தில்தான் ஊசியும் ஆத்திரமும் எனக்கு மறந்துபோயின. புளியமரத்துக்கு ஓடினேன்.

அதிகாரி மோர்ச் சாதத்தில் இருந்தார். நான் கேழ்வரகுத் தாளைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. கையைக்கூடக் கழுவாமல் எழுந்தார். "சர்க்கார் ரிக்கார்டைக் கெடுத்திருக்காங்க! இல்லாததை இருக்கிற மாதிரி காட்டியிருக்காங்க! இதைவிடப் பெரிய தப்பு நம்ம தொழிலில் உண்டாய்யா?" என்றார். ஓட்டையே செல்லாது என்றார். நான் காத்திருந்தேன். அவர் கோபம் பால் பொங்குவது மாதிரி. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

"சரி. அது களிமண் இல்லை என்று தெரிஞ்சுது" என்றார் கடைசியில். "மணல் என்று எப்படித் தெரிஞ்சுது? காலிப் பள்ளம் வந்து சாட்சி சொல்லுமா?"

"சொல்லும் சார். களிமண்ணாக இருந்தால் குழாயில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். பாறையாக இருந்தால் துண்டாக வந்திருக்கும். மேஸ்திரி ஊற்றுகிற தண்ணீரில் அடித்துக்கொண்டு போகக்கூடியது மணல் ஒன்றுதான். காலியாக இருந்த அதே ஆழத்தில்தான் ஊசியும் ஏறுகிறது. உங்கள் பெட்டியும் என் ஊசியும் ஒரே பேச்சைத்தான் பேசுகின்றன சார். நடுவில் யாரோ மரியாதைக்குப் பெட்டியின் வாயை மூடிவிட்டார்கள்."

அவர் என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் என்னிடம் அவர் பேச்சுக் கேட்டதே கிடையாது. "உமக்கு இவ்வளவு பேச வருமா?" என்றார்.

சாயங்கால பஸ்ஸில் மேஸ்திரி வந்து இறங்கினார். கையில் கல்யாண வீட்டு லட்டுப் பொட்டலம். விஷயம் கேட்டதும் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ ராமா! கட்டை வெச்சிட்டுத்தானே சார் போனேன். அந்த எடத்துல மிஷின் சரசரன்னு தன்னால எறங்கிச்சு சார். மேல வந்த தண்ணி கரகரன்னு பல்லுல படற மாதிரி வந்துச்சு. குழாய்ல ஒரு துண்டு நிக்கல."

அதிகாரி, "வாயால சொல்றதை வைத்துக் கிணறு வெட்ட முடியாது. நாளைக்குக் காலையிலிருந்து ஓட்டையை இறையுங்கள். மத்தியானத்துக்குள் வற்றினால் பேச்சு முடிந்தது" என்றார்.

ஓட்டைக்குள் சாதாரண வாளி போகாது. பெய்லர் என்று ஒன்று வைத்திருந்தோம். ஆள் உயரத்துக்கு மேல் நீளமான ஒல்லிக் குழாய். அடியில் ஒரு மூடி. தண்ணீருக்குள் இறங்கினால் திறக்கும், தூக்கினால் மூடிக்கொள்ளும். மேஸ்திரியின் மூன்று கால் கம்பத்தில் உருளை மாட்டி, கயிறு கட்டி, விடிந்ததும் இறைக்கத் தொடங்கினோம். ஆளுக்குக் கூலி சொல்லி அழைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. சேரி முழுக்க வந்து கயிற்றைப் பிடித்தது. அன்று எந்தப் பண்ணைக்கும் யாரும் வேலைக்குப் போகவில்லை. ஊரிலிருந்து ஒருவர் வந்து, கொள்ளு அடிக்க ஆள் வரவில்லையே என்று சத்தம் போட்டுப் பார்த்தார். கயிறு இழுக்கும் சத்தத்தில் அவர் சத்தம் எடுபடவில்லை.

முதலில் வந்தது காப்பி மாதிரி இருந்தது. அது மேஸ்திரி ஊற்றிய குட்டைத் தண்ணீர். பிறகு சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெளுத்து வந்தது. நான் அடிக்கொரு முடிச்சுப் போட்ட நூலில் ஈயக் குண்டு கட்டி இறக்கி, தண்ணீர் எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் நான் நூலை எடுக்கும்போது கயிற்றைப் பிடித்தவர்கள் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். எனக்கு முகத்தை மறைக்கத் தெரியாது. இன்னும் இறங்கியது. இன்னும். அந்தப் பெண் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு கயிற்றின் தலைமாட்டில் நின்றாள். கைத்தோல் உரிந்து துணி சுற்றியிருந்தாள். விட்டுக்கொடுக்கவில்லை. "இழு, இழு, உங்க மாமியா வூட்டுச் சொத்தா எறங்கிப் போவுது!" என்று மற்றவர்களை ஏசினாள்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் நடுவானத்துக்கு வந்துகொண்டிருந்தது. நான் நூலை இறக்கினேன். முன்பு நனைந்த முடிச்சிலேயே நனைந்தது. தப்பாக இறக்கிவிட்டோமோ என்று மறுபடி இறக்கினேன். அதே முடிச்சு.

"நிக்குது சார்" என்றேன்.

"இன்னும் இறையுங்க" என்றார்.

இறைத்தார்கள். அதே முடிச்சு. பெய்லரிலிருந்து கொட்டிய தண்ணீர் தெளிந்திருந்தது. தரையில் ஓடிய பிறகு அது விட்டுப் போன இடத்தில் பருமணல் மின்னியது. அதிகாரி அதை விரலால் வழித்து, கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்தார். பிறகு குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி, பெய்லரைப் பிடித்திருந்த அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஊற்றும்மா" என்றார்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். "நானா சாமி?"

"நீதான். கை வலிக்குது, ஊத்து."

ஊற்றினாள். குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்ல தண்ணீர். கிணறு இங்கேதான்" என்றார். அப்போது எழுந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. மேஸ்திரி லட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு லட்டை நாலாக உடைத்து எல்லோருக்கும் கொடுத்தார். நான் அழுதேன். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை, எல்லோரும் நனைந்திருந்தார்கள்.

சத்தம் அடங்கியதும் அவள்தான் கேட்டாள். "எப்ப வெட்டுவாங்க சாமி?"

அதிகாரி மறைக்காமல் சொன்னார். காகிதம் சேலத்துக்குப் போய், அங்கிருந்து மெட்ராஸுக்குப் போய், உத்தரவாகித் திரும்பி, காண்டிராக்டர் அமைந்து, கல் வந்து. அடுத்த கோடை ஆகலாம், அதற்கடுத்த கோடையும் ஆகலாம்.

"அது வரைக்கும்?"

அவர் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார்.

"இந்தக் கொழாயி இப்பிடியே இருந்தா, நாங்களே இழுத்துக்குவம் சாமி" என்றாள்.

"அது சர்க்கார் சொத்தும்மா. ஓர் ஆணியைக்கூட விட்டுவிட்டுப் போக எனக்கு அதிகாரம் இல்லை. நாளைக் காலையில் எல்லாம் லாரியில் ஏற வேண்டும்" என்றார். அவர் அப்படிப்பட்டவர்தான், அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அவளுக்கும் இல்லை. சுருட்டிய கயிற்றை மெதுவாகக் கீழே வைத்தாள். குழாயை உருவிவிட்டால் களிமண் ஒரு ராத்திரிக்குள் ஓட்டையை மூடிவிடும் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.

மற்றவர்கள் கலைந்த பிறகு என்னைப் புளியமரத்தடிக்கு அழைத்து, அறிக்கை எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இடம், ஆழம், களிமண்ணின் கனம், மணலின் கனம், தண்ணீர் நின்ற மட்டம். கடைசிப் பத்திக்கு வந்தபோது சற்று நிறுத்தி, காலரைச் சரிசெய்துகொண்டார்.

"எழுதும். இரும்புக் குழாய் களிமண்ணில் இறுகிக்கொண்டது. பல முறை முயன்றும் எடுக்க இயலவில்லை. அங்கேயே விடப்பட்டது."

எழுதினேன்.

"பெய்லர், உருளை, கயிறு ஆகியவை ஓட்டைக்குள் விழுந்துவிட்டன. மீட்க இயலவில்லை."

நான் நிமிர்ந்து பார்த்தேன். பெய்லர் கம்பத்தில் சாய்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. உருளை அதன் தலைக்கு மேல் தொங்கியது.

"சார், பெய்லர் அங்கே…"

"எனக்குக் கண் தெரியும். எழுதும்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் லாரி வந்தது. கம்பங்களை ஏற்றியாக வேண்டும். அதற்குக் கதை கட்ட முடியாது. அதற்குள் சேரி ஆண்கள் மூன்று சவுக்குக் கழியை நட்டு உச்சியைச் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். மேஸ்திரியே ஏறி உருளையை மாட்டிக் கொடுத்தார். அதிகாரி முன்சீட்டில் உட்கார்ந்து, அந்தப் பக்கமே திரும்பாமல், எதிரே இருந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பின்னால் ஏறிக்கொண்டோம்.

பனி இன்னும் இருந்தது. லாரி ஊருக்குள் புகுந்து கிணற்றைத் தாண்டியது. ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு வெளியே, வரிசையாகக் குடங்கள் நிற்கும் இடத்தில், யாரும் இல்லை.